கண் நுனியில், தவறு அடியில்: பூக்கதிர் முதல் இரும்பு முள் வரை தவிர்க்க வேண்டியவை

ஸ்பைக் என்று எதைச் சொன்னாலும் நம் கண் முதலில் போய் நிற்பது நுனியில்தான். செடியில் நிமிர்ந்து நிற்கும் பூக்கதிர், வேலிமேல் வரிசையாக நிற்கும் இரும்பு ஈட்டி, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் முரட்டு ஆணி, ஓட்டக்காரரின் ஷூவுக்கு அடியில் இருக்கும் குட்டி முள், கூரைமேல் இடிதாங்கி என எல்லாவற்றிலும் இதே கதைதான். ஆனால் இவற்றில் நடக்கும் தவறுகளைக் கவனித்துப் பார்த்தால் பெரும்பாலானவை அடியில் நடக்கின்றன. எங்கிருந்து முளைத்தது, எதில் ஊன்றியிருக்கிறது, தண்ணீரும் துருவும் மின்சாரமும் எந்த வழியாக இறங்குகின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. பூவிலிருந்தே தொடங்குகிறேன், அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

பூக்கதிர்

நீளமாக நிமிர்ந்து நிற்கும் பூங்கொத்து எல்லாம் கதிர் அல்ல. கிளைக்காத ஒரே தண்டில், காம்பே இல்லாமல் பூக்கள் நேராக ஒட்டிக்கொண்டிருந்தால்தான் தாவரவியலில் அது கதிர். ஒவ்வொரு பூவுக்கும் தனிக் காம்பு இருந்தால் அது ரசீம். கிளாடியோலஸ் கதிர். தூரத்தில் அதே சாயலில் தெரியும் லூபினும் ஃபாக்ஸ்குளோவும் ரசீம். ஒரு பூவை விலக்கி அதன் அடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஃபாக்ஸ்குளோவைச் சரியாக அடையாளம் காண்பது அவசியமும்கூட, ஏனென்றால் இலை முதல் விதை வரை அதில் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சு இருக்கிறது. ஆந்தூரியத்தில் இன்னொரு குழப்பம்: சிவப்பாகப் பளபளப்பது பூ இதழ் இல்லை, அது மடல். உண்மையான பூக்கள் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சதைப்பற்றான கதிரில் புள்ளி புள்ளியாக இருக்கின்றன.

கிளாடியோலஸ் வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, எல்லாப் பூவும் விரியட்டும் என்று காத்திருப்பது. கதிர் கீழிருந்து மேலாகப் பூக்கும். உச்சி மொட்டு விரியும்போது அடியில் இருப்பது வாடிச் சுருண்டிருக்கும். அடியில் ஒன்றிரண்டு மொட்டு நிறம் காட்டியதுமே வெட்டிவிட வேண்டும், மற்றவை குவளையில் தாமாகவே விரியும். வெட்டும்போது செடியில் குறைந்தது நான்கு இலைகளாவது மிஞ்ச வேண்டும். அடுத்த ஆண்டுக்கான கிழங்கு அந்த இலைகளின் உழைப்பில்தான் தேறுகிறது. தரையோடு வெட்டினால் இந்த ஆண்டுப் பூவுக்காக அடுத்த ஆண்டுப் பூவைப் பலி கொடுத்ததாக ஆகும். வெட்டிய கதிரைப் படுக்கவைப்பதும் கூடாது. புவியீர்ப்புக்கு எதிராக வளரும் குணம் வெட்டிய பிறகும் போவதில்லை. சில மணி நேரத்திலேயே நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், பிறகு நிமிர்த்த முடியாது. வண்டியில் கொண்டு போவதானாலும் நிற்கவைத்தே கொண்டு போங்கள்.

இதைப் படித்துவிட்டு லியாட்ரிஸ் கதிரில் அடிமொட்டு விரியக் காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். அது மேலிருந்து கீழாகப் பூக்கும்.

ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் வைத்திருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. புதிதாக எட்டிப் பார்ப்பது பூத்தண்டா வேரா என்று தெரியாமல், பூத்தண்டை வேர் என்று நினைத்துத் தொட்டிக்குள் திணித்து ஒடித்துவிடுகிறார்கள். நுனியைக் கிட்டத்தில் பாருங்கள். வேரின் நுனி உருண்டு, பளபளப்பாக, கொஞ்ச தூரத்திலேயே வெள்ளிச் சாம்பல் பூச்சு ஏறியிருக்கும். பூத்தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, ஒரு பக்கம் மட்டும் மடிப்பு விழுந்து, முழுக்கப் பச்சையாக இருக்கும். இலையின் கக்கத்திலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். தண்டு வளர்கிற காலத்தில் தொட்டியைத் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள். ஒளியைத் தேடித் தேடி அது முறுக்கிக்கொள்ளும். பூ உதிர்ந்ததும் அவசரப்பட்டு அடியோடு வெட்டவும் வேண்டாம். தண்டு பச்சையாக இருந்து செடியும் தெம்பாக இருந்தால் அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால், அந்தக் கணுவிலிருந்தே மறுபடி பூ வரலாம். காய்ந்து பழுப்பேறிவிட்டால் மட்டும் அடியோடு எடுங்கள்.

மக்காச்சோளத்தில் கதிர் பொக்கையாகப் போனால் பழி உரத்தின் மேல் விழுகிறது. கதிரின் தலையில் தொங்கும் ஒவ்வொரு பட்டுநூலும் உள்ளே ஒரே ஒரு மணிக்குப் போகிறது. எந்த நூலில் மகரந்தம் விழவில்லையோ அந்த மணி பிடிக்காது. மகரந்தத்தைக் கொண்டு வருவது காற்று. அதனால் வீட்டுத் தோட்டத்தில் ஒரே வரிசையாக நட்டால் பாதி மகரந்தம் வெளியே பறந்துவிடும். நாலைந்து குறுகிய வரிசைகளாக, சதுரமாக நட வேண்டும்.

முள்ளிலும் வகை உண்டு

ரோஜாவின் முள் தோலின் மேற்புறத்திலிருந்து கிளம்பியது, பக்கவாட்டில் அழுத்தினால் கழன்று வந்துவிடும். எலுமிச்சை, காகிதப்பூ ஆகியவற்றின் முள் கிளை உருமாறியது, உள்ளே மரத்தோடு பிணைந்திருக்கும். கள்ளியின் முள் இலை உருமாறியது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி பிய்த்தால் எலுமிச்சைக் கிளையில் பட்டை கிழிந்துவிடும், அங்கே கத்தரிக்கோலால் வெட்டுவதே சரி. ரோஜாவிலும் தண்டு முழுவதையும் சுரண்டித் தோலைப் புண்ணாக்கக் கூடாது. குவளைத் தண்ணீருக்குள் போகும் பகுதியிலும் கை பிடிக்கும் இடத்திலும் மட்டும் எடுத்தால் போதும்.

உலையில் கூர் எடுக்கும்போது

வட்டக் கம்பியில் கூர் எடுக்கப் புதிதாக வருபவர்கள் அதை வட்டமாகவே உருட்டி உருட்டித் தட்டுகிறார்கள். அப்படித் தட்டினால் மேற்பரப்பு மட்டும் நீள்கிறது, நடுப்பகுதி பின்தங்குகிறது. நுனி உள்வாங்கிக் குழியும். அடுத்தடுத்த அடியில் அந்தக் குழி மடிந்து விரிசலாகும். வெளியிலிருந்து பார்த்தால் அழகான கூர், உள்ளே பிளவு. சரியான வரிசை இதுதான்: முதலில் நுனியில் மட்டும் குட்டையாகச் சதுரக் கூர் பிடிக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி நீட்ட வேண்டும். சதுரமாகவே வேண்டிய நீளத்துக்கு இறக்கிவிட்டு, நான்கு மூலைகளையும் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில்தான் வட்டம். கம்பி மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் தட்டுவதை நிறுத்தி மறுபடி உலைக்குள் வைக்க வேண்டும்.

மெலிந்த நுனி மற்ற பகுதியைவிட வெகு சீக்கிரம் காயும். தடித்த பகுதி காய்வதற்காகக் காத்திருக்கும்போது நுனியிலிருந்து வெள்ளைப் பொறி பறந்தால் அந்த இரும்பு எரிந்துவிட்டது என்று பொருள். அதை எப்படியும் மீட்க முடியாது, வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி இறக்க வேண்டியதுதான். துத்தநாகம் பூசிய கம்பியை உலையில் வைக்கவே கூடாது. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். இரும்பு வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய் இது.

பழைய வேலிகளின் அலங்கார ஈட்டிமுனைகள் பல வார்ப்பிரும்பு. வளைந்திருக்கிறதே என்று சுத்தியலால் நிமிர்த்தப் பார்த்தால் படக்கென்று ஒடியும். அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் அது வார்ப்பு. அதைச் சாதாரண வெல்டிங் கம்பியால் ஒட்டினாலும் பக்கத்திலேயே விரிசல் விடும். நிக்கல் கம்பி, முன்சூடு, மெதுவாக ஆறவிடுதல் மூன்றும் வேண்டும்.

ஊன்றும் இடம்

வேலிமுள்ளின் நுனிக்கு வருடாவருடம் பெயின்ட் அடிக்கிறோம், அது கல்லிலோ கான்கிரீட்டிலோ இறங்கும் இடத்தை மறந்துவிடுகிறோம். இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். உள்ளே இடமில்லாததால் கல்லையே பிளந்துவிடும். ஏதென்ஸின் பழங்காலக் கோயில் குன்றான அக்ரோபோலிஸில் நடந்தது இதுதான். கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கட்டடக்காரர்கள் பளிங்குக் கற்களை இணைத்த இரும்புப் பட்டைகளைச் சுற்றி ஈயம் ஊற்றியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ் தலைமையில் நடந்த சீரமைப்பில் அந்தக் கவசம் இல்லாமல் இரும்பைப் பதித்தார்கள். அது துருவேறிப் பளிங்கை உடைத்தது. 1975-க்குப் பிறகு வந்த சீரமைப்புக் குழு அந்த இரும்பையெல்லாம் எடுத்துவிட்டு டைட்டானியம் பதிக்க வேண்டியதாயிற்று.

வீட்டு வேலிக்கும் இதே பாடம் பொருந்தும். புதைகிற பகுதிக்கும் முன்கூட்டியே துருத்தடுப்புப் பூச்சு வேண்டும். கம்பி இறங்கும் இடத்தில் சிமென்ட் சற்று மேடாக இருந்து தண்ணீர் வெளியே வழிய வேண்டும், பள்ளமாக இருந்தால் மழைநீர் அங்கேயே தேங்கும். குழாய்க் கம்பியானால் அடியில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டை விடுங்கள்.

தண்டவாள ஆணி பற்றி இரண்டு தவறான எண்ணங்கள். ஒன்று, அதில் நல்ல கத்தி அடிக்கலாம் என்பது. தலையில் எச்.சி. (ஹை கார்பன்) என்று முத்திரை இருந்தாலும் அதன் கார்பன் 0.3 சதவீதம் சுமார்தான். கூர் நிற்கும் கத்திக்குப் பொதுவாக 0.6 சதவீதமாவது வேண்டும். அழகுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். தண்டவாளத்தின் ஓரத்தில் கிடப்பதைப் பொறுக்குவது அத்துமீறலும் திருட்டும் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அமெரிக்காவின் புகழ்பெற்ற தங்க ஆணி பற்றியது. 1869 மே 10 அன்று யூட்டாவின் பிராமன்டரி சம்மிட்டில் கண்டம் கடந்த ரயில் பாதை இணைந்தபோது அதை ஓங்கி அடித்து இறக்கியதாக எழுதுகிறார்கள். தங்கம் அந்த அடியைத் தாங்காது. முன்பே துளையிட்ட கட்டையில் அதை மெல்ல வைத்து எடுத்துவிட்டார்கள். கடைசியாக இறங்கியது சாதாரண இரும்பு ஆணி. இடத்தைப் பிராமன்டரி பாயின்ட் என்று எழுதுவதும் பிழை, அது தெற்கே ஏரிக்குள் நீளும் நிலமுனை.

அந்த ஆணியின் நுனி ஊசி மாதிரி இருக்காது, உளி மாதிரி தட்டையாக இருக்கும். உளிவாய் மரத்தின் நாருக்குக் குறுக்கே நின்றால் நாரை வெட்டிக்கொண்டு இறங்கும். நாரோடு சேர்ந்து நின்றால் கட்டையைப் பிளக்கும். தட்டை நுனி கொண்ட எந்த ஆணிக்கும் இது பொருந்தும்.

வானத்தைப் பார்க்கும் முள்

இடிதாங்கியின் முனை எவ்வளவு கூராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். இந்தச் சண்டை பழையது. பெஞ்சமின் பிராங்க்ளின் கூர்முனை கேட்டார், இங்கிலாந்தில் பெஞ்சமின் வில்சன் மொட்டை முனையே நல்லது என்றார். 1777-இல் அங்கே பர்ஃப்ளீட் என்ற ஊரில் கூர்முனை இடிதாங்கி பொருத்தியிருந்த கட்டடத்தின் மேல் இடி விழ, விவாதம் அரண்மனை வரை போனது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மொட்டை முனையின் பக்கம் சாய்ந்தார். அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் மூர் குழுவினர் நியூ மெக்சிகோ மலைமேல் இரண்டு வகைக் கம்பிகளையும் அருகருகே நிறுத்திச் செய்த சோதனையின் முடிவு 2000-இல் வெளியானது. இடி இறங்கியது மிதமாக மழுங்கிய முனைகளில், கூர்முனைகளில் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் கவலைப்பட வேண்டியது முனையைப் பற்றியே அல்ல. கீழே இறங்கும் கடத்தி எங்காவது அறுந்திருக்கிறதா, மூட்டு துருவேறியிருக்கிறதா, மண்ணுக்குள் நல்ல எர்த் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எர்த் இல்லாத இடிதாங்கி ஆபத்தை வீட்டுக்குள் அழைக்கிறது. கம்ப்யூட்டருக்குப் போடும் ஸ்பைக் பஸ்டருக்கும் இது பொருந்தும். எர்த் இல்லாத பிளக்கில் அதன் பாதுகாப்பு அரைகுறைதான். ஒவ்வொரு மின்னழுத்த எழுச்சியைத் தாங்கும்போதும் உள்ளிருக்கும் பாகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், விளக்கு எரிவதை மட்டும் பார்த்துக் காலத்துக்கும் நம்பியிருக்க முடியாது.

பறவைகளை விரட்ட வைக்கும் முட்களை ஓரத்தில் ஒரே வரிசையாக வைத்தால் புறா பின்னால் போய் உட்காரும். விளிம்பு முழு அகலத்துக்கும் வைக்க வேண்டும், குப்பை சேராமல் சுத்தம் செய்ய வேண்டும். அப்போதும் பெரிதாக நம்ப வேண்டாம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் கிடைத்த ஒரு மேக்பை பறவையின் கூட்டில் இப்படிப்பட்ட முட்கள் சுமார் 1,500 இருந்தன. கட்டடத்திலிருந்து பிய்த்து வந்து, முனை வெளியே பார்க்கக் கூரையாகக் கட்டியிருந்தது அந்தப் பறவை. இதைப் படித்தபோது எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை வந்தது.

ஓட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செயற்கைத் தளத்தில் சர்வதேச விதிப்படி முள்ளின் நீளம் அதிகபட்சம் 9 மி.மீ., உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் 12 மி.மீ., ஒரு ஷூவில் 11 முட்களுக்கு மேல் கூடாது. பல மைதானங்கள் 6 மி.மீ.க்கு மேல் விடுவதில்லை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சீசன் முடிந்ததும் கழற்றி வைக்காவிட்டால் திருகுமரை துருவேறி இறுகிவிடும்.

குத்திவிட்டால்

இதில் செய்யும் தவறுதான் உயிரை வாங்கும். வேலிக்கம்பியோ பெரிய ஆணியோ உடம்பில் ஆழமாக ஏறிவிட்டால் பிடுங்கவே கூடாது. உள்ளே கிழிந்த ரத்தக்குழாயை அந்தக் கம்பிதான் அடைத்துக்கொண்டிருக்கலாம். அடிபட்டவரைத் தூக்கி விடுவிக்கவும் முயலாதீர்கள். அவருடைய எடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கம்பியின் இரு பக்கமும் துணி வைத்து ஆடாமல் நிறுத்தி, அவசர உதவியை அழையுங்கள். வேலியை அறுத்துக் கம்பியோடு கொண்டு போவதை மீட்புக் குழுவினர் பார்த்துக்கொள்வார்கள்.

சின்னக் குத்து என்றால், "துருப்பிடிக்காத ஆணிதானே, பரவாயில்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். டெட்டனஸுக்குக் காரணம் துரு அல்ல, மண்ணிலும் சாணத்திலும் தூசியிலும் வாழும் ஒரு பாக்டீரியா. பளபளக்கும் புது ஆணியிலும் ரோஜா முள்ளிலும் அது ஒட்டியிருக்கலாம். வாய் சிறுத்து ஆழம் கூடிய காயத்தில் காற்றுப் போகாது, அதற்கு அதுவே வசதி. ரத்தம் அதிகம் வரவில்லை என்பது நல்ல அறிகுறி இல்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். மண்பட்ட காயமாக இருந்து கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தாலோ, எப்போது போட்டோம் என்பதே நினைவில்லாவிட்டாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ரோஜா முள் குத்திய இடத்தில் சில வாரம் கழித்து வலியில்லாத கட்டி எழும்பி, கையில் மேல்நோக்கி வரிசையாகப் பரவினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தோட்ட வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.