இருமொழிப் பங்கில் தவக்காலம் 2027: சாம்பல் சலிப்பதில் இருந்து சிலுவைப்பாதைப் புத்தகம் வரை

சென்னை, பெங்களூரு மாதிரி ஊர்களில் காலையில் தமிழ்ப் பூசை, அடுத்து இங்கிலீஷ் பூசை என்று நடக்கும் கத்தோலிக்கப் பங்குகளுக்கான (கோயில் சமூகங்களுக்கான) குறிப்பு இது. நேரம் வேறு வேறாக இருக்கும்வரை தொல்லை இல்லை. இரண்டு கூட்டமும் ஒரே கூரையடியில் நிற்கும் நாட்கள்தான் சிக்கல்: தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மாலை, வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை (இயேசுவின் பாடுகளை நினைக்கும் பதினான்கு நிலை ஜெபம்), ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம்.

2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10-லேயே வருகிறது. குடில் பிரித்த கையோடு தொடங்கிவிடுங்கள்.

சாம்பல்

நெற்றியில் பூசும் சாம்பல் போன வருடக் குருத்தோலைகளை எரித்து எடுப்பது. ஜனவரி 24, 31 இரண்டு ஞாயிறும் அந்தப் பழைய ஓலைகளைக் கேட்டு வாங்குங்கள். படத்துக்குப் பின்னால் செருகி வைத்த குருத்துச் சிலுவைகளில் குண்டூசி, ஜரிகை, ரிப்பன் இருக்கும். முதலில் அவற்றைப் பிரித்தெடுக்கவும். இரண்டு நாள் வெயிலில் மொறுமொறுவென்று காய வேண்டும். ஈரம் இருந்தால் எரியாமல் புகைந்து, பழுப்புத் துண்டாக நின்றுவிடும். இரும்பு வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, ஆறியதும் இடித்து, டீ வடிகட்டியில் ஒரு முறை, வேட்டித் துணியில் ஒரு முறை சலிக்கவும். ஒரு மேசைக்கரண்டி 100 பேருக்குத் தாராளம்.

தண்ணீர் விட்டுக் குழைக்கவே கூடாது. சாம்பலில் இருக்கும் காரம் தண்ணீரில் கரைந்து நெற்றியைப் புண்ணாக்கிவிடும். குருவானவர் மந்திரிக்கும்போது (ஆசீர்வதிக்கும்போது) தீர்த்தம் தெளிப்பதோடு சரி. ஒட்டவில்லை என்றால் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய்.

அறிவிப்பு

தவக்கால விதிகளை அறிவிக்கும்போது கவனம்: இங்கிலீஷில் ஃபாஸ்டிங், அப்ஸ்டினென்ஸ் இரண்டும் தனித்தனி. தமிழில் இரண்டையும் ‘நோன்பு’ என்று எழுதிவிட்டால், எல்லா வெள்ளியும் பட்டினியா என்று பெரியவர்கள் கேட்பார்கள். பழைய சொற்களே தெளிவானவை. ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழுச் சாப்பாடு: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும், 18 வயது நிறைந்ததில் இருந்து 59 நிறையும்வரை. சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்கு: அந்த இரண்டு நாளோடு தவக்கால வெள்ளிகளிலும், 14 வயது நிறைந்த எல்லாருக்கும்.

சிலுவைப்பாதைப் புத்தகம்

ஒவ்வொரு நிலையையும் இரண்டு மொழியிலும் வாசித்தால் அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகும். ஏழாம் நிலைக்குள் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். ஒற்றைப்படை நிலை தமிழில், இரட்டைப்படை நிலை இங்கிலீஷில் வாசிக்கட்டும். மற்ற மொழிக்காரர்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் கண்ணை ஓட்டிக்கொள்வார்கள். ‘எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி’ மட்டும் எல்லா நிலையிலும் தமிழிலேயே இருக்கட்டும். இங்கிலீஷ் குடும்பங்களுக்காக அதை ரோமன் எழுத்திலும் அச்சிடுங்கள்.

ஏ4 தாளை மடித்தால் ஏ5. மொத்தம் 32 பக்கம், அதாவது 8 தாள். அட்டை 1-ஆம் பக்கம். தொடக்க ஜெபம் 2, 3. பதினான்கு நிலைகளும் 4 முதல் 31 வரை. முடிவு ஜெபம் பின்னட்டையில். இடப்பக்கம் எப்போதும் தமிழ், வலப்பக்கம் இங்கிலீஷ். 3-ஆம் பக்கத்தில் முதல் நிலையைத் தொடங்கினால் கடைசிவரை இரண்டு மொழியும் எதிரெதிரே வராது.

ஒரே பொருளுக்குத் தமிழ் அதிக இடம் பிடிக்கும். எழுத்தைச் சிறிதாக்காமல் வாக்கியத்தைக் குறையுங்கள். 13 புள்ளிக்குக் கீழே போனால் பின்வரிசைப் பாட்டிமார் படிக்க மாட்டார்கள்.

இனிதான் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். பங்கு அலுவலகத்தின் பழைய கோப்பு பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, ஒருவர் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். அச்சகத்துக்கு வேர்டு கோப்பு வேண்டாம், பிடிஎஃப் மட்டும். இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்யும் கடையில் யூனிகோடு ஓடாது. நீங்களே அச்சிட்டால் ‘புக்லெட்’ தெரிவு, தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பும் தெரிவு இரண்டும் தேவை. நீள விளிம்பில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதலில் ஒரு பிரதி மட்டும் அடித்து, மடித்துப் பாருங்கள்.

வாசகங்கள்

ஞாயிறு வாசகங்கள் ஏ, பி, சி என்று மூன்று ஆண்டுச் சுற்றில் வரும்; 2027 ‘பி’ ஆண்டு. ஆனால் ஒரு பூசையில் மட்டும் ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்கள் இருந்து, அவர்களுக்கான ஆய்வுச் சடங்கு நடந்தால், பிப்ரவரி 28, மார்ச் 7, 14 ஞாயிறுகளில் அங்கே ‘ஏ’ ஆண்டு வாசகம்: சமாரியப் பெண், பிறவிக் குருடர், லாசர். இரண்டு வாசகர் குழுவுக்கும் ஒரே பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தவறான வாசகத்தைப் படித்துக்கொண்டு வருவார்கள். பூசைவாரியாகத் தனித்தனிப் பட்டியல் போடுங்கள்.

பாடகர் குழுவுக்கு: சாம்பல் புதனில் இருந்து பாஸ்கா திருவிழிப்பு வரை அல்லேலூயா கிடையாது. கீபோர்டில் அதற்குப் பதிந்து வைத்த தாளத்தை அழித்துவிடுங்கள், கை தானாக அதற்குப் போகும்.

பின்சேர்க்கை

பலர் கேட்டதால் இரண்டு தேதி. மார்ச் 19 வெள்ளி, சூசையப்பர் பெருவிழா: அன்று சுத்தபோசனக் கட்டாயம் இல்லை, தவக்காலத்தில் பாடாமல் விடும் ‘உன்னதங்களிலே’ கீதம் அன்று பூசையில் உண்டு; மாலைச் சிலுவைப்பாதையை நிறுத்த வேண்டாம். மார்ச் 25 பெரிய வியாழன் ஆகிவிட்டதால் அன்று வரவேண்டிய மங்கள வார்த்தைப் பெருவிழா (வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொன்ன நாள்) ஏப்ரல் 5-க்குப் போகிறது. பங்கு நாட்காட்டி அச்சாகிவிட்டதா? இரண்டு மொழியிலும் ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டுங்கள்.