படம் முடிந்ததும் லைட்டைப் போடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு கார் போர்ச்சில் மாதம் ஒரு சனிக்கிழமை குறும்படம் போடுகிறேன். திரை, அம்மாவின் வெள்ளைப் போர்வை. வருகிறவர்கள் 15 பேர், விசேஷ நாளாக இல்லாவிட்டால் 20. பெரும்பாலும் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள். நீங்களும் தொடங்குவதாக இருந்தால், நான் அடிபட்டுக் கற்றது இதுதான்.

முதலில் சத்தம். படம் மங்கலாக இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை. பேச்சு கேட்கவில்லையென்றால் ஐந்தாவது நிமிடமே போன் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். லேப்டாப் ஸ்பீக்கர் உதவாது. தனி ஸ்பீக்கரைப் போர்வைக்குக் கீழேயே வையுங்கள். மழை பிடித்து ஜிங்க் கூரை அதிர ஆரம்பித்தால் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றுங்கள்.

இரண்டு படம் போதும். நான் முதல் மாதம் ஆறு போட்டேன். நான்காவதற்கு மேல் யார் மனதிலும் எதுவும் ஒட்டவில்லை. குறும்படத்தில் பாட்டு இல்லை, இடைவேளை இல்லை, வில்லனுக்குத் தண்டனைகூடப் பல நேரம் இல்லை. சொல்லாமல் விட்டதைப் பார்க்கிறவர் தன் வீட்டு ஞாபகத்தை வைத்து நிரப்புகிறார். அதற்கு அவகாசம் கொடுக்காமல் அடுத்த படத்தை ஓட்டினால் எல்லாம் கலைந்துவிடும். இயக்குநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். இளம்பிள்ளைகள் சந்தோஷமாகவே தருகிறார்கள்.

‘நம்ம கதை’ வேண்டும் என்பவர்களுக்கு மலேசிய இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ இருக்கிறது. 2015இல் சொந்த முயற்சியில் வந்து, மறு வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமானது. முழுநீளப் படம் என்பதால் அதற்குத் தனி ராத்திரி ஒதுக்குங்கள்.

நீங்கள் முதலில் பார்க்காத படத்தைப் போடவே போடாதீர்கள். ஒரு முறை அவசரத்தில் போட்ட படத்தில் அப்பா குடித்துவிட்டு வந்து பெல்ட்டைக் கழற்றினார். இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும் ஒரு பையன் சத்தமில்லாமல் எழுந்து மோட்டார்சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்தில் போய் நின்றான். தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் குடி, அடி, சாவு எது வந்தாலும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். அப்படியும் யாராவது எழுந்து போனால் கூட்டமாகப் பின்னால் போகாதீர்கள். ஒருவர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

படம் முடிந்ததும் பெயர்கள் முழுக்க ஓடட்டும், இருட்டு இருக்கட்டும். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்காதீர்கள், “நல்லா இருந்துச்சு”தான் வரும். படத்தில் கண்ட பொருள்களைப் பற்றிக் கேளுங்கள்: அந்த வீட்டு அடுப்பங்கரையில் என்ன இருந்தது? செருப்பு யாருடையது? பதில் நேராக அவர்கள் வீட்டுக்குள் போய்விடும்.

எங்கள் அம்மாவிடம் அதுவும் உடனே பலிக்கவில்லை. மாணவர்கள் எடுத்த 11 நிமிடப் படம், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பால்வெட்டுக்காரியின் கதை. படம் ஓடும்போதே, “வெட்டு கோணையா ஓடுது” என்றார். உண்மைதான். பால் குழாய்கள் பட்டைக்குள் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும் வெட்டுதான் நிறையக் குழாயை அறுக்கும். படத்தில் அந்தப் பெண் தலைகீழாக வெட்டினாள். அம்மாவுக்கு அத்தோடு படம் போயிற்று என்று நினைத்தேன். அடுத்த காட்சியில் விடியாத இருட்டில் குழந்தையை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு அவள் நடக்கிறாள். அம்மா பேசவில்லை. தேத்தண்ணியும் வேண்டாம் என்றார்.

இரண்டு நாள் கழித்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: “உன்னைய விட்டுட்டுப் போறப்ப நீ கத்துவ. நான் திரும்பியே பாக்க மாட்டேன். பாத்தா பெரட்டுக்கு நேரமாயிடும்.”

நாற்பத்தாறு வயதில் முதல்முறையாகக் கேட்கிறேன். அதனால், அன்றைக்கே யாரையும் பேசவைக்கப் பார்க்காதீர்கள். வாரத்துக்குள் கடையிலோ கோயிலிலோ தானாக வரும்.

அந்தப் படத்தை அடுத்த மாதம் மறுபடி போடச் சொல்லியிருக்கிறார். வெட்டுகிற இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வாராம்.