குமரி மாவட்ட ஹாம் சங்கத்துக்கு ஒரு நாற்பது மீட்டர் டைபோல்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது மின்கம்பங்களும் மரங்களும் சாய்ந்து, கைப்பேசிகள் பேச்சிழந்து, கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்காமல் கரையோர ஊர்கள் தவித்தன. அப்படியொரு நாளில் மாவட்டத்துக்கு வெளியே பேச முடிகிற ஒரு நிலையத்தையாவது நம் ஹாம் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்) சங்கங்கள் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். 144–146 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவிகள் சமவெளியில் நன்கு உதவும்; ஆனால் வேளிமலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் குறுக்கே நிற்கும் இடங்களில் அந்த அலைகள் மறுபக்கத்தை எட்டுவது கடினம். ஆகவே சங்கம் முதலில் கட்ட வேண்டியது 7.0–7.2 மெகாஹெர்ட்ஸுக்கான (அலைநீளம் சுமார் நாற்பது மீட்டர்) அரை அலைநீள டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணையும் இரு சமநீளக் கம்பிக் கைகள் கொண்ட ஆன்டெனா என்பது என் உறுதியான கருத்து.

ஒலிபரப்புவதற்கு முன் உரிமம் கட்டாயம். பன்னிரண்டு வயது நிறைந்தவர்கள் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதலாம். மோர்ஸ் தந்திக்குறித் தேர்வு தேவைப்படாத ரெஸ்ட்ரிக்டட் நிலை உரிமமே தொடக்கத்துக்குப் போதும். சங்க நிலையத்துக்குத் தனி உரிமம் பெற வேண்டும்.

டைபோலின் மொத்த நீளத்தை மீட்டரில் அறிய 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.14 மீட்டர், அதாவது ஒரு கைக்குச் சுமார் 10.07 மீட்டர் வரும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பி.வி.சி. உறையிட்ட செம்புக் கம்பியே போதும். உறையின் காரணமாக இறுதி நீளம் இதைவிடச் சற்றுக் குறையும். ஆயினும் ஒவ்வொரு கையையும் பத்தரை மீட்டருக்கு வெட்டி, மிகுதியை நுனியில் மடித்து முறுக்கி வைப்பதே நல்லது, ஏனெனில் மடித்ததை மீண்டும் நீட்டலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

தாங்கு மரத்துக்கு இங்கே பஞ்சமில்லை. எட்டு முதல் பத்து மீட்டர் உயரமுள்ள இரு தென்னைகள் கிடைத்தால் அதுவே சிறந்த அமைப்பு. கால் அலைநீளத்துக்கு மேற்படாத அந்த உயரத்தில் டைபோல் தன் ஆற்றலின் பெரும்பகுதியை வானை நோக்கி அனுப்பும். மேல் வானில் வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை மலைகளைப் பொருட்படுத்தாமல் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். நாகர்கோவிலிலிருந்து மதுரையையோ திருச்சியையோ எட்ட இதைவிட எளிய வழி இல்லை. ஆன்டெனா எந்தத் திசையில் நீண்டிருக்கிறது என்பதும் இந்த உயரத்தில் பெரிதாகப் பொருட்டல்ல.

தென்னையில் ஆணி அறைய வேண்டாம். மரம் ஏறுபவரைக் கொண்டு தடித்த நைலான் கயிற்றைத் தளர்வாகச் சுற்றி, அதில் ஒரு கப்பியைத் தொங்கவிட வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று வீசும் மாதங்களில் இரு மரங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி ஆடுவதால், இரு முனைகளையும் இறுகக் கட்டிய கம்பி அறுந்தே தீரும். எனவே ஒரு முனையை மட்டும் கட்டி, மறுமுனைக் கயிற்றைக் கப்பி வழியே கீழே இறக்கி, மணல் நிரப்பிய தண்ணீர்க் கேனை எடையாகத் தொங்கவிட்டால், மரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்போது கேன் மேலேறும், நெருங்கும்போது இறங்கும், கம்பியின் இழுவிசை மாறாது. கயிற்றைக் குளச்சலில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் வாங்குங்கள். வெயிலையும் உப்பையும் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது அது. கம்பி நுனிகளில் மின்னழுத்தம் அதிகம் என்பதால், அவை ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

மிகுந்த கவனம் இரு கைகளும் கேபிளும் பற்றவைத்துச் சேரும் நடு இணைப்புக்கு உரியது. கோஆக்ஸியல் கேபிளை (நடுக்கம்பியும் அதைச் சுற்றிக் கம்பிப் பின்னலும் கொண்டது) பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் பத்துச் சுற்றுச் சுற்றி இணைப்புக்கு அருகிலேயே வைத்தால், கேபிளின் வெளிப்புறம் வழியே அலை திரும்பி வந்து கருவியைத் தொல்லைப்படுத்தாது. பிறகு பற்றவைத்த இடத்தைத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் பலமுறை சுற்றி மூடுங்கள். வினிகர் நாற்றமடிக்கும் சிலிக்கான் பசையைத் தொடவே வேண்டாம், அதன் அமிலம் செம்பை அரிக்கும். நீர் புகுந்த கேபிளின் உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பின்னல் கம்பி கறுத்திருக்கும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அந்தப் பின்னல் உப்புநீரை மீட்டர் கணக்கில் இழுத்துக்கொள்கிறது.

இதில் ஒரு பொறியும் உண்டு. கெட்டுப்போன கேபிள் எதிரொலிக்கும் ஆற்றலையும் விழுங்கிவிடுவதால், கருவியருகே எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய ஆற்றல் எந்த அளவுக்குத் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண், 1 என்றால் மிக நன்று) அளவு அழகாகக் குறைந்தே தெரியும். ஆகையால் பொருத்துவதற்கு முன் கேபிளின் மறுமுனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் ஒன்றாக இணைத்து, நானோ விஎன்ஏ என்னும் சிறு அளவுக் கருவியால் எஸ்.டபிள்யூ.ஆரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நல்ல கேபிள் மிக உயர்ந்த எஸ்.டபிள்யூ.ஆர். காட்டும், இரண்டுக்கு அருகே காட்டுவது குப்பைக்கே உரியது. அதன்பின் ஆன்டெனாவை ஏற்றி, எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைவாகத் தெரியும் அதிர்வெண் 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே விழுந்தால் இரு கைகளையும் சமமாகச் சுருக்கவும், மேலே விழுந்தால் நீட்டவும். எஸ்.டபிள்யூ.ஆர். 1.5க்குள் வந்துவிட்டால் அதற்குமேல் மல்லுக்கட்டத் தேவையில்லை.

கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் ஒரு வளைவு தொங்கட்டும், மழைநீர் அங்கே சொட்டிவிடும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கோடையிடியும் உண்டு. வானம் இருண்டதும் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிச் சுவருக்கு வெளியே போட்டுவிட வேண்டும். கருவியைப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் இயக்கிப் பழகுங்கள். இன்வெர்ட்டரும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் எழுப்பும் இரைச்சல் மெல்லிய குரல்களை மூழ்கடிக்கும். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒவ்வோர் ஆண்டும் ஆன்டெனாவை இறக்கி, கேபிளை மறுபடி அதே முறையில் அளந்து, முதல் நாள் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள்; குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தால் கேபிளை முழுவதுமாக மாற்றிவிடுங்கள்.