எம்.பி.சி ட்யூனிங்: லாம்ப்டாவைத் தொடுவதற்கு முன்னும் பின்னும்

எம்.பி.சி (மாடல் பிரடிக்டிவ் கன்ட்ரோல், ஆலையின் மாடலை வைத்து வரப்போவதைக் கணித்துக் கட்டுப்படுத்தும் முறை) ஊசலாடுகிறது என்றால் உடனே வெயிட்டுகளில், அதாவது எந்தப் பிழைக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லும் எண்களில், கை வைக்காதீர்கள். நான் ஒருமுறை இரண்டு நாள் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் ரிஃப்ளக்ஸ் (குளிர்ந்த திரவத்தைக் கோபுரத்தின் மேலே திருப்பி விடும் ஓட்டம்) வால்வு ஒட்டிக்கொண்டிருந்தது. லூப்பை மேனுவலில் போட்டு, வால்வை அரை அரை சதவீதமாக நகர்த்தியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முதலில் வால்வு, அப்புறம் கீழே ஓடும் பிஐடி லூப் (எம்.பி.சி சொல்வதை நிறைவேற்றும் எளிய கன்ட்ரோலர்), அதன் பிறகுதான் எம்.பி.சி.

அவை சரி என்றால், வெயிட்டுகளைத் தவிர மற்ற எண்களை மாடலிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். ஒரு டிஸ்டிலேஷன் (வடிப்பு) கோபுரத்தின் மேல்தட்டு வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். ரிஃப்ளக்ஸை ஓர் அலகு கூட்டினால் 0.8 டிகிரி குறைகிறது; இதுதான் கெயின். டைம் கான்ஸ்டன்ட் (மாற்றத்தில் சுமார் 63 சதவீதம் நடக்க ஆகும் நேரம்) 20 நிமிடம், டெட் டைம் (மாற்றம் தெரியத் தொடங்கும்வரையான தாமதம்) 4 நிமிடம். சாம்பிள் நேரம் டைம் கான்ஸ்டன்ட்டில் பத்தில் ஒன்று, அதாவது 2 நிமிடம். பிரடிக்ஷன் ஹொரைசன், அதாவது எவ்வளவு தூரம் முன்னால் கணிப்பது என்பது, ஐந்து டைம் கான்ஸ்டன்ட்டும் டெட் டைமும் அடங்கி, மேலும் ஒரு சாம்பிள் சேர்த்த அளவு: 53 சாம்பிள். கன்ட்ரோல் ஹொரைசனுக்கு, அதாவது முன்கூட்டித் திட்டமிடும் நகர்வுகளின் எண்ணிக்கைக்கு, 5 போதும். இவற்றை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது மூவ் சப்ரஷன், அதாவது லாம்ப்டா: கன்ட்ரோலர் பெரிய நகர்வுகள் செய்வதைத் தடுக்கும் எண். உழைப்பெல்லாம் இங்கேதான். ஆய்வாளர்கள் ஸ்ரீதரும் கூப்பரும் 1997-இல் தந்த சூத்திரத்தை நான் தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்கிறேன். டைம் கான்ஸ்டன்ட்டைச் சாம்பிள் நேரத்தால் வகுத்தால் 10, அதை 3.5-ஆல் பெருக்கி 2 கூட்டினால் 37. கன்ட்ரோல் ஹொரைசனில் ஒன்று குறைத்து, அதில் பாதியான 2-ஐக் கழித்தால் 35. இதை 5/500-ஆல் (இந்த 5 கன்ட்ரோல் ஹொரைசன்) பெருக்கினால் 0.35. கெயினின் வர்க்கமான 0.64-ஆலும் பெருக்கினால் 0.224. உங்கள் மென்பொருள் அளவுகளை ஸ்கேல் செய்கிறது என்றால், ஸ்கேல் செய்த கெயினைத்தான் போட வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது.

அடுத்து சிமுலேஷன். செட்பாயிண்ட்டை (எட்ட வேண்டிய வெப்பநிலையை) ஒரு டிகிரி மாற்றி, வெப்பநிலைக் கோட்டைவிட ரிஃப்ளக்ஸ் கோட்டை முதலில் பாருங்கள். அது துள்ளினால் லாம்ப்டாவை இரட்டிப்பாக்குங்கள். பத்து சதவீத மாற்றமெல்லாம் கண்ணுக்கே தெரியாது. பிறகு கன்ட்ரோலரின் மாடலைத் தொடாமல், சிமுலேஷன் பிளான்ட்டின் கெயினை மட்டும் 30 சதவீதம் கூட்டி, டெட் டைமையும் ஒரு சாம்பிள் நீட்டி மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் ஊசலாட்டம் அடங்க வேண்டும். மாடல் பொருந்தும்போது மட்டும் அழகாக ஓடும் ட்யூனிங்கை நான் பிளான்ட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

கட்டுப்படுத்தும் அளவுகள் இரண்டு, மூன்று இருந்தால் ஆபரேட்டரிடம் கேளுங்கள்: “வெப்பநிலை ஒரு டிகிரி விலகினால் படும் கவலை, பிரஷர் எவ்வளவு விலகினால் வரும்?” அவர் சொல்லும் எண்ணால் ஒவ்வொரு பிழையையும் வகுத்தால் வெயிட்டுகள் கிடைத்துவிடும். வெயிட் பிழையின் வர்க்கத்தைப் பெருக்குகிறதா, பிழையையா என்று மட்டும் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளான்ட்டில் போட்டபின் ஒரு வாரம் ஷிஃப்ட் குறிப்பைப் படியுங்கள். ஆபரேட்டர் எம்.பி.சியை எப்போது ஆஃப் செய்தார் என்று பார்த்து, காரணத்தை அவரிடமே கேட்டு, அந்த நேரத்து டிரெண்டை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி லாம்ப்டாவுக்கு வாருங்கள்.