பழைய தோட்டத்தைப் பொதுப் பூங்காவாக்கத் திட்டமிடும் முறை

மாளிகையையோ கல்லறையையோ சூழ்ந்திருந்த பழந்தோட்டம் ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட எண்ணுவோர், புதிய வரைபடத்தில் ஒரு கோடு இழுப்பதற்கு முன், அந்த நிலத்தில் எஞ்சியிருப்பவை அனைத்தையும் கணக்கெடுக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, அதன் இனம், அடிமரச் சுற்றளவு, நலம் ஆகியவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். கிணறு, வாய்க்கால், மதில், மேடு பள்ளம் எதையும் விட்டுவிடக் கூடாது. மழைக்காலத்தில் நீர் எங்கே தேங்குகிறது, எவ்வழியே வடிகிறது என்று நேரில் பார்க்காமல் வடிகால் வகுப்பது வீண்செலவில்தான் முடியும்.

அடுத்து வருவது மிகக் கடினமான முடிவு: அந்த இடத்தின் எந்தக் காலத்தைக் காப்பது? தில்லியில் உமாயூன் கல்லறையை ஒட்டி 90 ஏக்கரில் அமைந்துள்ள சுந்தர் நர்சரி இதற்கு நல்ல விடை தருகிறது. முகலாயர் காலத்தில் அஸீம் பாக் எனப்பட்ட அந்த நிலம், ஆங்கிலேயர் புதுதில்லியை எழுப்பியபோது, நகரில் நடுவதற்கேற்ற மரங்களை வளர்த்துப் பார்க்கும் நாற்றுப்பண்ணையாக மாறியது. அதைப் பூங்காவாக்கியவர்கள் முகலாயச் சின்னங்களைப் புதுப்பித்ததோடு, பண்ணைக் காலத்து மரங்களையும் பேணினார்கள். ஒரு காலத்தை மட்டும் மீட்பதாகச் சொல்லி மற்றவற்றை அழிப்பது வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு என்பதே என் உறுதியான கருத்து.

சான்று இருக்கும் இடத்தில் மீட்டமைக்கலாம். காபூலில் பாபரின் தோட்டத்தைச் சீரமைத்தபோது அகழாய்வும் அவருடைய நினைவுக் குறிப்புகளும் வழிகாட்டின. சான்று இல்லாத இடத்தில் புதிதாக வடிவமைத்து, அது புதியதென்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிலவடிவமைப்பாளர் முகமது ஷாஹீர், சுந்தர் நர்சரியின் நீண்ட நடு அச்சை, அதாவது நடுவே நேராகச் செல்லும் முதன்மைப் பாதையை, முகலாயத் தோட்ட மரபைத் தழுவி அவ்வாறே புதிதாக வகுத்தார். குன்று, ஆற்றுவெளி, வண்டல், சதுப்பு எனத் தில்லிப் பகுதியின் நிலவகைகளைக் காட்டும் தனிப் பகுதிகளும் அங்கே உருவாக்கப்பட்டன.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கையில் சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்த வேண்டும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியேற விடாமல் பழஞ்சுவரைச் சிதைக்கும். நடைபாதை, மின்கம்பி, குழாய் ஆகியவை முதுமரங்களின் வேர்ப்பரப்பைத் தவிர்த்துச் செல்லட்டும். வாகன நிறுத்தம் ஓரத்திலேயே நிற்கட்டும்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்துக்கொண்டு வேலையை விரட்டலாகாது. மத்தியப் பொதுப்பணித் துறை, தொல்லியல் துறை, மாநகராட்சி, ஆகா கான் அறக்கட்டளை ஆகியவற்றுக்கிடையே 2007இல் ஒப்பந்தம் கையெழுத்தான சுந்தர் நர்சரி 2018 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. யார் பராமரிப்பது, தோட்டக்காரர்களின் ஊதியம் எங்கிருந்து வரும், நுழைவுக் கட்டணம் எளியவர்களைத் தடுத்துவிடாதா என்பவற்றை அத்தகைய ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. முதிர்ந்த மரங்கள் விழும்போது அவற்றின் இடத்தில் நடுவதற்கான கன்றுகளை, பூங்கா திறக்கும் முன்பே அதே இனங்களிலிருந்து வளர்க்கத் தொடங்க வேண்டும்.