வினிகரில் செம்பைச் சுத்தம் செய்து சால்டரிங்குக்குத் தயார் செய்வது எப்படி?

பற்றவைக்கும் ஈயம் (சால்டர்) செம்பில் பரவாமல் குண்டுமணி மாதிரி உருண்டு ஓடினால், புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் சந்தேகப்படுவது சால்டரிங் அயர்னைத்தான். வாட் போதவில்லை என்று பெரிய அயர்ன் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் தகராறு அயர்னில் இருக்காது, செம்பின் மேல் படிந்திருக்கும் கறுப்பில் இருக்கும். அதை எடுக்கச் சமையலறை வினிகரே போதும். ஆனால் வினிகரில் போட்டு எடுப்பது பாதி வேலைதான். ஜாயின்ட் நிற்குமா, ஆறு மாதத்தில் பச்சை பூத்து விட்டுப்போகுமா என்பது அதற்குப் பிறகு நீங்கள் கழுவுவதிலும் காயவைப்பதிலும் இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்வது ஓர் எளிய வேலை: சின்னச் செம்புத் தகடு ஒன்றில் ஒற்றைக் கம்பிச் செம்பு வயரைப் பற்றவைப்பது. அலமாரியில் கிடந்து பழுப்பேறிய காப்பர் கிளாட் போர்டுக்கும் (மேலே செம்புப் படலம் ஒட்டிய வெற்று சர்க்யூட் போர்டு) இதே முறைதான். உதிரிபாகங்கள் ஏற்கெனவே பொருத்தப்பட்ட போர்டை மட்டும் வினிகரில் போடாதீர்கள்.

முதலில், அது என்ன அழுக்கு?

செம்பின் மேல் வருவதெல்லாம் ஒரே அழுக்கு அல்ல. பழுப்பும் கறுப்பும் செம்பு ஆக்சைடு. பச்சையாகப் பூப்பது களிம்பு. இந்த இரண்டையும் வினிகர் கரைத்துவிடும். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கை அது ஒன்றும் செய்யாது, அதற்குப் பாத்திரம் தேய்க்கும் திரவம் வேண்டும். அடுத்தது வார்னிஷ். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் காயில் கம்பிகளில் இருக்கும் இந்த எனாமல் பூச்சு, செம்பு நிறத்திலேயே இருப்பதால் பார்த்தால் வெறும் கம்பி என்றே தோன்றும். அதை ராத்திரி முழுக்க வினிகரில் ஊறவைத்தாலும் பலன் கிடையாது. பிளேடால் சுரண்டியோ, எமரி ஷீட்டால் சுற்றித் தேய்த்தோதான் எடுக்க வேண்டும். அலங்காரத்துக்கு விற்கும் செம்புத் தகடுகளிலும் கறுக்காமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும், அதற்கு அசிட்டோன் வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு, ஒரு சிட்டிகை உப்பு தூவி, சில நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது ஆக்சைடு, வேலை சுலபம். ஒரு மாற்றமும் இல்லையென்றால் மேலே பூச்சு இருக்கிறது.

வினிகர் என்ன செய்கிறது?

வினிகரில் பொதுவாக 4 முதல் 5 சதவீதம் வரை அசிட்டிக் அமிலம் இருக்கும். அது ஆக்சைடைக் கரைத்துக் காப்பர் அசிடேட்டாக மாற்றும். அடியிலிருக்கும் செம்பை அவ்வளவு சீக்கிரம் தொடாது. உப்பு சேர்த்தால் அதிலிருக்கும் குளோரைடு செம்பைப் பிடித்து இழுத்துக் கரைசலுக்குள் கொண்டுவர உதவுவதால் வேகம் கூடுகிறது. புளியும் உப்பும் போட்டுச் செம்புக் குடம் தேய்ப்பதும் இதே வேலைதான். அங்கே அமிலம் டார்டாரிக், அவ்வளவே வித்தியாசம். சால்டரிங்குக்குப் புளியை நான் சொல்லமாட்டேன். சக்கை இண்டு இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். கலர் வினிகர், ஆப்பிள் சைடர் வினிகரும் வேண்டாம். மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர்தான் இதற்குச் சரி.

தேவையானவை

வெள்ளை வினிகர் 200 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூன், ஆப்ப சோடா ஒரு டீஸ்பூன், பாத்திரம் தேய்க்கும் திரவம், பழைய டூத் பிரஷ், கையுறை, கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. பிளாஸ்டிக் டப்பாவும் பரவாயில்லை. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அமிலமும் உப்பும் செம்பும் சேர்ந்து அதை அரித்துவிடும். கடைசிக் கழுவலுக்கு டிஸ்டில்டு வாட்டர் கொஞ்சம். பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று விற்பார்களே, அதுதான். ஐபிஏ என்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருந்தால் நல்லது. சால்டரிங்குக்கு அயர்ன், ரோசின் ஃபிளக்ஸ் (சூட்டில் செம்பு மறுபடி கறுக்காமல் காக்கும் பசை), ஈயம்.

ஈயத்தில் 60/40 அல்லது 63/37 வாங்குங்கள். முதல் எண் வெள்ளீயம் (டின்), இரண்டாவது காரீயம் (லெட்). 63/37 சரியாக 183 டிகிரி செல்சியஸில் ஒரேயடியாக உருகி, ஒரேயடியாக உறையும். கை பழகாதவர்களுக்கு அதுதான் வசதி. காரீயம் இல்லாத வழக்கமான வகைகளுக்கு 217 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், பழகியபின் அதற்குப் போகலாம். சாப்பாடு, குடிதண்ணீர் படும் எந்தப் பொருளிலும் காரீயம் கலந்த ஈயத்தை வைக்கவே வேண்டாம்.

படி 1: பிசுக்கு எடுத்தல்

தகட்டையும், உறையை உரித்த கம்பியையும் பாத்திரம் தேய்க்கும் திரவம் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில் வினிகர் ஒட்டாமல் நழுவும், அங்கே திட்டுத் திட்டாகக் கறுப்பு நின்றுவிடும்.

படி 2: ஊறவைத்தல்

வினிகரில் உப்பைக் கரைத்துத் தகட்டையும் கம்பியையும் முழுக்க மூழ்கும்படி போடுங்கள். பாதி உள்ளே, பாதி வெளியே என்று நிற்கவிடாதீர்கள். காற்றும் திரவமும் சந்திக்கும் அந்தக் கோட்டில்தான் அரிப்பு அதிகம். லேசான பழுப்புக்கு 5 நிமிடம் போதும். நன்றாகக் கறுத்திருந்தால் 20, 30 நிமிடம் ஆகலாம், நடுவில் பிரஷால் தேய்த்துவிடுங்கள். திரவம் மெல்ல நீலப் பச்சையாக மாறினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். அமிலத்திலிருந்து வரும் சுத்தமான செம்பு மினுமினுக்காது, மங்கலான இளஞ்சிவப்பாக இருக்கும். ஈயத்துக்கு அது போதும். ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் சுத்தமாகும் என்று நினைப்பது தவறு. காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜன் சேர்ந்துகொண்டு செம்பையே அரிக்க ஆரம்பிக்கும்.

எடுக்க மறுக்கும் திட்டுகளைப் பச்சை ஸ்க்ரப்பராலோ 600 நம்பர் எமரி ஷீட்டாலோ லேசாகத் தேய்க்கலாம். இரும்புக் கம்பிச் சுருள் வேண்டாம். உதிரும் இரும்புத் துகள் துருப்பிடிக்கும், போர்டில் விழுந்தால் ஷார்ட்டும் ஆகும்.

படி 3: கழுவுதல் (இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்)

வெளியே எடுத்ததை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டால், திரும்பி வரும்போது பச்சை பூக்க ஆரம்பித்திருக்கும். மேலே ஒட்டியிருக்கும் உப்பும் அமிலமும் காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை அது. ஜாயின்ட்டுக்கு அடியில் சிக்கிக்கொண்ட உப்பும் இதையேதான் மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் செய்யும்.

அதனால் எடுத்தவுடன் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து, அதில் ஒரு நிமிடம் போட்டு அலசுங்கள். நுரை வந்தால் அமிலம் இன்னும் மிச்சம் இருக்கிறது, நுரை நின்றபின் எடுக்கலாம். மறுபடி தண்ணீர், கடைசியாக டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீரிலேயே முடித்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும், இவ்வளவு பாடும் வீண்.

இந்த இடத்தில் ஒரு சோதனை. தகட்டைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் ஓடவிடுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி வழிந்தால் தகடு சுத்தம். ஏதாவது ஓர் இடத்தில் தண்ணீர் விலகி, முத்து முத்தாக நின்றால் அங்கே இன்னும் பிசுக்கு இருக்கிறது. முதல் படிக்குத் திரும்புங்கள்.

படி 4: காயவைத்தல்

பஞ்சு பிரியாத துணியால் ஒற்றி எடுத்து, ஹேர் டிரையரில் ஊதிக் காயவையுங்கள். ஐபிஏ இருந்தால் ஒரு துடைப்பு துடைத்து ஆறவிடுங்கள். அது சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் முழுக்க ஆவியாகும்வரை அயர்னை அந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது. இனி விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். கையுறையைக் கழற்றி வைத்துவிடுங்கள், சூடான அயர்ன் பக்கத்தில் ரப்பர் ஆகாது.

சுத்தமான செம்பு அன்றைக்கே மங்க ஆரம்பிக்கும். காலையில் சுத்தம் செய்து அடுத்த வாரம் பற்றவைக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள்.

படி 5: ஈயம் ஏற்றுதல்

இவ்வளவு சுத்தம் செய்தபின் ஃபிளக்ஸ் எதற்கு என்று கேட்கலாம். அயர்ன் பட்டதும் செம்பு சூடாகும், சூட்டில் ஆக்சைடு இன்னும் வேகமாக வரும். அந்தச் சில விநாடிகளுக்குக் காவல் இருப்பது ஃபிளக்ஸ்தான், வினிகரால் அது முடியாது. ரோசின் ஃபிளக்ஸையே வாங்குங்கள். பிளம்பிங் வேலைக்கு விற்கும் அமில ஃபிளக்ஸ் எலெக்ட்ரானிக்ஸுக்கு ஆகாது, தங்கி நின்று அரிக்கும்.

தகட்டில் மெல்லிசாக ஃபிளக்ஸ் தடவி, மரப்பலகை மேல் வையுங்கள். கிரானைட் மேடையில் வைத்தால் பாதிச் சூட்டை அதுவே குடித்துவிடும். கம்பிக்கு 25 வாட் அயர்ன் போதும். தகடு ஓர் அங்குலத்துக்கு மேல் அகலமாக இருந்தால் 60 வாட் வேண்டியிருக்கும், செம்பு சூட்டை அவ்வளவு வேகமாகக் கடத்திவிடும். வெப்பநிலையை மாற்றும் வசதி இருந்தால் 350 டிகிரியில் ஆரம்பியுங்கள்.

அயர்னின் பிட்டை, அதாவது சூடாகும் நுனியை, தகட்டில் பதித்து மூன்று நான்கு விநாடி சூடேற்றுங்கள். ஈயத்தைப் பிட்டில் தொடாமல் பக்கத்தில் செம்பில் தொடுங்கள். செம்பு தயாராக இருந்தால் ஈயம் உருகி, ஓரம் மெலிந்து, தகட்டோடு தகடாகப் பரவும். அந்த ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செங்குத்தாக நிற்காமல் சரிவாக இறங்கி மறைந்தால் பிடித்துவிட்டது. வெள்ளீயம் செம்போடு சேர்ந்து மெல்லிய கலவைப் படலமாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கம்பி முனைக்கும் இதே மாதிரி ஈயம் ஏற்றுங்கள்.

படி 6: பற்றவைத்தல்

ஈயம் ஏறிய கம்பியை ஈயம் ஏறிய தகட்டின் மேல் வைத்து, கொஞ்சம் ஃபிளக்ஸ் தொட்டு, இரண்டையும் சேர்த்துச் சூடாக்குங்கள். இரண்டு ஈயமும் ஒன்றாகக் கலந்ததும் அயர்னை எடுத்துவிட்டு, உறையும்வரை கம்பியை அசைக்காமல் பிடியுங்கள். அசைந்தால் மேலே சொரசொரவென்று மங்கும், மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்று சொல்வது இதைத்தான். திரும்ப ஃபிளக்ஸ் வைத்து உருக்கினால் சரியாகிவிடும். மிச்ச ஃபிளக்ஸை ஐபிஏ தொட்டுத் துடைத்துவிடுங்கள்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். எழும் புகை காரீயம் அல்ல, ரோசின் புகை. ஆனாலும் மூச்சுக்கு ஆகாது, ஆஸ்துமா இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காரீயம் உள்ளே போவது கை வழியாகத்தான். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

பல இழை வயர் என்றால்

பழைய வயரை உரித்தால் உள்ளே இழைகள் எல்லாம் கறுத்திருக்கும். இதை வினிகரில் முக்குவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இழைகளுக்கு நடுவே வினிகர் ஏறி, உறைக்குள் போய்விடும். அங்கே போன உப்பை எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாது. முதலில் நாலு அங்குலம் வெட்டிவிட்டு உரித்துப் பாருங்கள், உள்ளே செம்பு பளிச்சென்று இருந்தால் அங்கேயே பற்றவைக்கலாம். அங்கும் கறுப்பு என்றால் வயரையே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

மிச்ச வினிகர்

நீலப் பச்சையாக நிற்கும் அந்தத் திரவத்தில் கரைந்த செம்பு இருக்கிறது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், சமையல் வினிகர் பாட்டிலில் திரும்ப ஊற்றவே கூடாது. ப்ளீச்சிங் பவுடரோடு சேரவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். மீன் தொட்டிப் பக்கம் போகக் கூடாது, கொஞ்சம் செம்பே மீனுக்கு விஷம். பூந்தொட்டியிலும் ஊற்ற வேண்டாம். கொட்டுவதற்கு முன் அதில் துருவில்லாத இரும்பு ஆணிகள் நாலைந்தைப் போட்டு ஒரு நாள் வையுங்கள். இரும்பு கரைந்து, செம்பு ஆணி மேல் வந்து படியும், ஆணிகள் சிவப்பேறிவிடும். அப்புறம் ஆப்ப சோடாவை நுரை அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நிறையத் தண்ணீர் கலந்து சிங்கில் விடலாம். கிண்ணத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காமல் இந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.