காருக்கு எந்த கிரேடு எஞ்சின் ஆயில்?

முதலில் காரோடு வந்த கையேட்டைத் திறங்கள். அதில் 5டபிள்யூ-30 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். "நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 தான் சரி" என்று பட்டறையில் சொல்வார்கள். மதுரையில் ஓடும் என் காருக்கு நான் அதை ஒப்புக்கொள்வதே இல்லை. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் ஆயில் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ளது 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மை. வெளியே 40 டிகிரி அடித்தாலும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் எஞ்சின் சூட்டைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வைத்துவிடும். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், ஸ்டார்ட் செய்ததும் வால்வுப் பக்கம் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். பழைய எஞ்சின் ஆயில் குடிக்கிறதா? கையேடு அனுமதிக்கும் கிரேடுகளுக்குள் ஒரு படி கெட்டியானதைப் போடலாம். அப்புறம், டிபிஎஃப் (புகையில் வரும் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள டீசல் காரென்றால், ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆயில் தரம்) போன்று கையேடு கேட்கும் தரக்குறி டப்பாவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.